தானுந்துப் புகைக்குழாய் இரைச்சல்

தானுந்துப் புகைக்குழாய் இரைச்சல் என்பது, புகைக்குழாயிலோ ஒலியடக்கியிலோ ஏற்பட்ட பழுதால் தானுந்தின் (கார்) பொறி ஒலி வழக்கத்தைவிட மிகுந்து கேட்பதைக் குறிக்கும். ஒலியடக்கி பேச்சு வழக்கில் சைலன்சர் எனப்படுகிறது. ஒலி கசியும் இடத்தின் வழியே நச்சு வளிமமும் கசியும் என்பதால், இது காதுக்கு மட்டுமான தொல்லையன்று. குளிருக்காகக் கண்ணாடிகளை மூடி வண்டி ஓட்டும் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் இதன் ஆபத்து கூடுதலாகும். பல பழுதுகளை வீட்டிலேயே கண்டறியலாம். சிலவற்றைச் சரிசெய்யவும் இயலும்.

அமைப்பு

பொறியின் உருளையில் எரிபொருள் எரிந்தபின், வெளியேற்று வால்வு திறக்கும்போது உயர் அழுத்த வளிமம் திடீரெனப் பாய்கிறது. இத்துடிப்புகளே ஒலிக்குக் காரணம். நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சுப் பொறி நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், நொடிக்கு 100 துடிப்புகள் உண்டாகும். வளிமம் மேனிபோல்டு, வினையூக்கி மாற்றி, ஒலியடக்கி ஆகியவற்றைக் கடந்து வால்குழாய் வழியே வெளியேறுகிறது. ஒலியடக்கியின் உட்புற அறைகளில் எதிரொலிக்கும் அலைகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தணிகின்றன. சிலவற்றில் கண்ணாடி இழை ஒலியை உறிஞ்சுகிறது.

பழுதின் காரணங்கள்

முதன்மையான காரணம் துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தொலைவு ஓடினால் குழாய் நன்கு சூடேறி, நீராவி வெளியேறிவிடும். உதகமண்டலம் (ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம்), குன்னூர் போன்ற குளிர்ந்த ஊர்களில் கடைத்தெருவரை மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் அந்நீர் ஒலியடக்கிக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. கரடுமுரடான தோட்டச் சாலைகளில் அடிப்பகுதி கல்லில் மோதுவதும், குழாயைத் தொங்கவிடும் இரப்பர் வளையங்கள் அறுவதும் பிற காரணங்கள்.

கண்டறிதல்

மலையேற்றத்தில் தாழ்ந்த கியரில் ஒலி கூடுவது இயல்பே. உதகமண்டலத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கு அளவே என்பதால், பொறியின் திறன் குறைந்து முடுக்கியை மேலும் அழுத்த நேரிடும். எனவே சமதளத்தில், வண்டியை நிறுத்திவைத்து ஒலியைக் கேட்பதே சரியான முறை.

* டிக்-டிக் என்ற ஒலி, பொறி சூடானதும் குறைதல்: மேனிபோல்டு விரிசல் அல்லது கேஸ்கட் பழுது.
* வண்டியின் நடுவிலிருந்து சீறல்: குழாய் இணைப்பில் கசிவு.
* பின்புறத்திலிருந்து ஆழ்ந்த உறுமல்: ஒலியடக்கியில் ஓட்டை.
* தட்டினால் கலகலப்பு: உட்தகடு அல்லது வினையூக்கி மாற்றியின் உட்பகுதி உடைதல்.
* இறக்கத்தில் பட்பட் என வெடிப்பு: கசிவின் வழியே புகும் காற்றில் மிச்ச எரிபொருள் எரிதல்.

கசியும் இடத்தைச் சுற்றிப் பெரும்பாலும் கரிப்படிவு காணப்படும். திறந்த வெளியில், கைப்பிரேக் இட்டு, பொறியைக் குளிர்ந்த நிலையில் இயக்கி, ஒருவர் கையுறை அணிந்து வால்குழாயைத் தடித்த ஈரத்துணியால் சில நொடிகள் மூடினால் கசிவின் சீறல் தெளிவாகக் கேட்கும். ஒலியடக்கியின் அடியில் நீர் வடிவதற்கென்றே உற்பத்தியாளர் இட்ட சிறுதுளை இருக்கலாம். அதைப் பழுதென எண்ணி அடைத்தல் கூடாது.

சரிசெய்தல்

குழாய் முழுவதும் ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். சரிவான முற்றத்தில் வண்டியைத் தூக்கக் கூடாது. சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து.

தளர்ந்த கிளாம்பை முடுக்குதல், இரப்பர் வளையத்தை மாற்றுதல் ஆகியவை எளியவை. சிறு ஓட்டையின் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, வெப்பம் தாங்கும் சைலன்சர் பசையோ சுற்றுநாடாவோ இடலாம். சாதாரண எப்பாக்சிப் பசை இவ்வெப்பத்தைத் தாங்காது. இவை தற்காலிகத் தீர்வுகளே. விரலால் அழுத்தினால் உதிரும் அளவு துருவேறிய ஒலியடக்கியை மாற்றுவதே முறை. மேனிபோல்டு பழுதையும் பற்றவைப்பு வேலையையும் பணிமனையிடம் விடுவது நல்லது. பற்றவைக்கும் முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும்.

ஆபத்துகள்

கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பலருக்கும் இதே உபாதைகள் தோன்றுவதால், நச்சுப் பாதிப்பை வெறும் பயணக் குமட்டல் என்று தவறாக எண்ண இடமுண்டு. இரைச்சல் மிகுந்த வண்டியில் இவை தோன்றினால் உடனே வண்டியை நிறுத்தி, அனைவரும் இறங்கித் தூய காற்றுக்கு வரவேண்டும். அறிகுறி நீங்காவிடில் மருத்துவரை அணுக வேண்டும். குளிர் காய்வதற்காக மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிடுவது எந்நிலையிலும் கூடாது. கோடையில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால், சூடான குழாயால் தீப்பற்றவும் கூடும்.

சட்டம்

இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி 120, வண்டிகளில் ஒலியடக்கியைக் கட்டாயமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 190(2) ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கிறது. 2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒலியைக் கூட்டுவதற்காக ஒலியடக்கியின் உட்பகுதியை அகற்றுவோர்க்கும் இது பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* வினையூக்கி மாற்றி
* கார்பன் மோனாக்சைடு நச்சுமை