சித்திர எழுத்தை வாசித்த ஷாம்போலியன்

எகிப்து என்றதும் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது நபி மூஸா (அலை) அவர்களும் பிர்அவ்னும்தான். பிரமிட்டும் நைல் நதியும் அதற்குப் பிறகுதான். அந்த நாட்டின் பழைய கோயிற் சுவர்களிலும் கல்லறைகளிலும் பறவை, பாம்பு, கண், கை, சிங்கம் என்று வரிவரியாகச் செதுக்கியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்போம். பார்ப்பதற்கு அலங்காரம் போலத் தெரிந்தாலும் அவை எழுத்துக்கள். திகதியுடன் பொறிக்கப்பட்ட கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு பிலே என்ற தீவின் கோயிலில் இருக்கிறது. அதன் ஆண்டு கி.பி. 394. அதன் பின் அந்த எழுத்தை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து போக, பதினான்கு நூற்றாண்டுகளாக அதனை வாசிக்க உலகில் ஒருவரும் இருக்கவில்லை. 1822ஆம் ஆண்டு அந்த மௌனத்தைக் கலைத்தவர் ஜான் பிரான்சுவா ஷாம்போலியன் என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அவருக்கு முன்னர் முயன்றவர்கள் பலர். ஒவ்வொரு சித்திரமும் ஓர் ஆழ்ந்த தத்துவத்தைக் குறிக்கிறது என்றே அவர்களில் அநேகர் நம்பினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிர்ஷர் என்ற பாதிரியார், ஒரு மன்னனின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருந்த இடத்தில் ஒஸிரிஸ் தெய்வத்தைப் பற்றிய நீண்ட வாக்கியமொன்றை வாசித்துக் காட்டினார். அரபு அறிஞர்களும் இதில் ஆர்வம் காட்டியிருக்கிறார்கள். இப்னு வஹ்ஷிய்யாவின் பெயரில் வழங்கும் ஓர் அரபு நூல் பழங்கால எழுத்துக்களைப் பற்றிப் பேசுகிறது. அந்நூல் 1806இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சானது. அதில் காட்டப்பட்டுள்ள எழுத்து வரிசைகளில் கற்பனையானவை நிறைய உண்டு. எனவே, "எங்கள் அறிஞர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் வாசித்துவிட்டார்கள்" என்று கைத்தொலைபேசியில் வரும் செய்திகளை அப்படியே நம்பிப் பிறருக்கு அனுப்புவது சரியல்ல என்பது என் கருத்து. அவர்கள் தேடினார்கள் என்பதே பெருமைதான். தேடியதற்கும் கண்டடைந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஷாம்போலியன் 1790 டிசம்பர் 23ஆம் திகதி பிரான்சின் தென்மேற்கிலுள்ள ஃபிஜாக் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் புத்தக வியாபாரி. பிரெஞ்சுப் புரட்சியின் குழப்பமான காலம் அது. தாயாரின் பிரார்த்தனைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக்களை இனங்காணப் பழகினார் என்று சொல்வார்கள். ஆனாலும் அவரை வளர்த்தெடுத்தவர் மூத்த சகோதரர் ஜாக் ஜோசப் என்றே சொல்ல வேண்டும். தம்பியை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தானும் பெரிய ஆய்வாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். தம்பியைத் தன்னுடன் கிரனோபிள் நகருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார், புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார், பின்னாட்களில் கையில் காசில்லாத போதெல்லாம் செலவுக்கும் அனுப்பினார். நானாமார் உள்ள எங்களுக்கு இது ஒன்றும் புதினமில்லை. ஆனால் சரித்திரப் புத்தகங்களில் இப்படிப்பட்ட நானாமாருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

கிரனோபிளில் ஃபூரியே என்ற பெரும் கணித அறிஞர் நிர்வாக அதிகாரியாக இருந்தார். அவர் நெப்போலியனின் படையுடன் எகிப்துக்குப் போய் வந்தவர். அவருடைய வீட்டில் சித்திர எழுத்துக்களைக் கண்ட சிறுவன், "பெரியவனானதும் நான் இதை வாசிப்பேன்" என்று சபதம் செய்தான் என்று ஒரு கதை உண்டு. கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மையா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். சந்தேகமில்லாதது அவருடைய மொழிப் பசி. இலத்தீன், கிரேக்கம், ஹீப்ரு, அரபு, சிரியாக் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றார். பதினாறாவது வயதில் கிரனோபிள் அறிஞர் சபையின் முன் எகிப்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். 1807இல் பரீசுக்குப் போய் சில்வெஸ்டர் த சாசி என்ற பேராசிரியரிடம் அரபும் பாரசீகமும் படித்தார். அங்கே அவர் கற்ற இன்னொரு மொழிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. அது கொப்து மொழி.

கொப்து என்பது எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழி. பிர்அவ்ன்கள் காலத்து மொழியே பல நூற்றாண்டுகளில் மாறி மாறி வந்த கடைசி வடிவம் அது. மக்கள் அரபு பேசத் தொடங்கிய பிறகு அது வீடுகளிலிருந்து மெல்ல மறைந்து, தேவாலயப் பிரார்த்தனைகளில் மட்டும் தங்கிவிட்டது. அதை எழுதுவது சித்திரங்களால் அல்ல. கிரேக்க எழுத்துக்களை எடுத்து, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்காகப் பழைய எகிப்திய எழுத்திலிருந்து சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு எழுதினார்கள்.

இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சரியாக விளங்கவில்லை. பிறகு எங்கள் வீட்டுப் பெட்டகத்திலிருந்த ஒரு பழைய கொப்பி ஞாபகத்துக்கு வந்தது. உம்மம்மாவின் உம்மா எழுதியது. ஓரம் செல்லரித்து, மை பழுப்பாகிப் போயிருக்கிறது. சிறு வயதில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, அரபுதானே என்று மூடி வைத்துவிட்டேன். சென்ற வருட விடுமுறையில் மீண்டும் எடுத்து, ஓதுவதற்குப் பழகிய எழுத்துக்கள்தானே என்று ஒவ்வொன்றாகக் கூட்டி வாய்விட்டு வாசித்தேன். "வே... வேர்... வேர்க்கொம்பு... கொத்தமல்லி" என்று வந்தது. குசினியிலிருந்த உம்மம்மா, "அது இருமலுக்குக் குடிக்கிற கசாயம், மகள்" என்றார். அரபு எழுத்துக்களில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி எழுதிய அரபுத் தமிழ் அது. கண்ணுக்கு அரபு, காதுக்குத் தமிழ். கொப்தும் அப்படித்தான். கண்ணுக்குக் கிரேக்கம், காதுக்குப் பிர்அவ்ன்களின் எகிப்து.

ஷாம்போலியன் அந்த மொழியைக் காதால் கற்றார். பரீசில் புனித ரொக் தேவாலயத்தில் இருந்த எகிப்தியப் பாதிரியார் ஒருவரிடம் உச்சரிப்பைப் பழகினார். தன் மனதில் தோன்றுவதையெல்லாம் கொப்து மொழியில் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதாக அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அந்நாளில் இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இனி அந்தப் புகழ்பெற்ற கல்லுக்கு வருவோம். 1799 ஜூலையில் நெப்போலியனின் படையினர் நைல் நதியின் முகத்துவாரத்துக்கு அண்மையில், ரஷீத் என்ற ஊரில், பழைய கோட்டையொன்றைத் திருத்தும்போது கிடைத்தது. ரஷீத் ஐரோப்பியர் வாயில் ரொசெட்டா ஆகிவிட்டது. கி.மு. 196இல் ஐந்தாம் தொலமி மன்னனைப் போற்றி வெளியிட்ட ஒரே அறிவித்தல் அக்கல்லில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மேலே சித்திர எழுத்து, நடுவில் சாதாரண காரியங்களுக்குப் பயன்பட்ட வேகமான எகிப்திய எழுத்து, கீழே கிரேக்கம். பிரெஞ்சுப் படை தோற்றதும் ஆங்கிலேயர் கல்லைக் கைப்பற்றினார்கள். 1802 முதல் அது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

கிரேக்கம் தெரிந்தவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். கல்லின் பிரதிகளும் பல நாடுகளுக்குப் போயின. அப்படியிருந்தும் இருபது வருடங்களுக்கு மேல் யாராலும் சித்திர எழுத்தை வாசிக்க முடியவில்லை. கல் எல்லோர் கையிலும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கிலாந்தின் தோமஸ் யங் என்ற மருத்துவர் ஒரு நல்ல தொடக்கத்தைச் செய்தார். கல்லில் சில சித்திரங்களைச் சுற்றி நீள்வட்டக் கோடு இருந்தது. அந்த வளையத்துக்குள் மன்னர்களின் பெயர்கள் இருக்கலாம் என்று முன்னரே ஊகித்திருந்தார்கள். அதில் தொலமியின் பெயரைக் கண்டு, சில குறிகளின் ஒலியை யங் சரியாகவே சொன்னார். ஆனால் அந்நியப் பெயர்களை எழுதும்போது மாத்திரமே எகிப்தியர் ஒலிகளைப் பயன்படுத்தினார்கள் என்று எண்ணி அங்கேயே நின்றுவிட்டார். ஷாம்போலியனும் நெடுங்காலம் தவறாகத்தான் எண்ணினார். 1821இல்கூட இக்குறிகள் பொருள்களையே காட்டுகின்றன, ஒலிகளை அல்ல என்று அச்சில் எழுதினார்! அதே வருடக் கடைசியில் அவர் செய்த வேலை மிக எளியது. எண்ணிப் பார்த்தார். கல்லின் கிரேக்கப் பகுதியில் 486 சொற்கள் இருந்த இடத்துக்கு ஈடாகச் சித்திரக் குறிகள் 1,419 இருந்தன. ஒரு குறி ஒரு சொல் என்றால் இத்தனை குறிகள் எதற்கு? அதுவும், ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட குறிகள் 166 மட்டுமே.

அடுத்த மாதம் பிலே தீவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு வரப்பட்ட ஒரு கற்றூணின் பிரதி அவருக்குக் கிடைத்தது. அதில் கிளியோபாத்ராவின் பெயர் வளையத்துக்குள் இருந்தது. நாங்கள் தொலமி என்று எழுதினாலும் கிரேக்கத்தில் முன்னால் ஒரு 'ப்' உண்டு. ப்-த்-ஓ-ல் என்று அது தொடங்கும். க்-ல்-இ-ஓ-ப்-அ-த்-ர்-அ என்பதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தொலமியில் முதலாவதாக வந்த சதுரக் குறி கிளியோபாத்ராவில் ஐந்தாவதாக வந்தது, இரண்டிலும் அதுதான் 'ப்'. தொலமியில் நான்காவதாகப் படுத்திருந்த சிங்கம் இங்கே இரண்டாவதாகப் படுத்திருந்தது, அது 'ல்'. ஆறாவதும் ஒன்பதாவதும் ஒரே கழுகு, அது 'அ'. 'த்' மட்டும் வெவ்வேறாக இருந்தது. ஒரே ஒலிக்கு இரண்டு குறிகள் இருக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். அது சரியாகவே அமைந்தது.

ஆனால் தொலமியும் கிளியோபாத்ராவும் கிரேக்க வம்சத்தவர். உண்மையான பழைய எகிப்தியப் பெயர்கள்? 1822 செப்டெம்பரில் அபூ ஸிம்பல் கோயிலிலிருந்து வரைந்து வந்த ஒரு பெயர் வளையத்தை அவர் பார்த்தார். கடைசியில் இருந்த இரண்டு குறிகளும் 'ஸ்' என்று ஏற்கெனவே தெரியும். முதலில் ஒரு வட்டம். வட்டம் சூரியனாக இருக்கலாம். சூரியனுக்குக் கொப்து மொழியில் 'ரே'. நடுவிலுள்ள குறியோ ரஷீத் கல்லில் மன்னனின் பிறந்தநாளைக் கூறும் இடத்தில் வருவது. பிறத்தலுக்குக் கொப்து மொழியில் 'மிஸே'. ரே, மிஸ், ஸ்... ரம்சேஸ்! கிரேக்க நூல்களில் எழுதப்பட்டிருந்த அதே பேரரசனின் பெயர், அவன் காலத்துக் கல்லிலிருந்தே ஒலித்தது. கூட்டி வாசித்துக்கொண்டிருந்த வாய்க்குக் கொப்து தெரிந்திருக்காவிட்டால் அந்த வட்டம் வட்டமாகவே இருந்திருக்கும்.

காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வேலை செய்த இடத்துக்கு ஓடி, "எனக்குக் கிடைத்துவிட்டது" என்று கத்திவிட்டு மயங்கி விழுந்தார் என்று அவர் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். செப்டெம்பர் 27ஆம் திகதி பரீஸ் அறிஞர் சபையில் தன் கண்டுபிடிப்பைக் கடித வடிவில் வாசித்தார். யங்கும் அன்று அங்கு இருந்தார். முதலில் வழியைக் காட்டியவர் தானே என்று அவர் பின்னர் வாதிட்டார். ஷாம்போலியன் அவருக்குரிய நன்றியைத் தாராளமாகச் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கதவைத் தட்டியவர் யங் என்றால், உள்ளே போய் ஒவ்வோர் அறையாகத் திறந்தவர் ஷாம்போலியன்தான்.

1824இல் முழு முறையையும் நூலாக வெளியிட்டார். சில குறிகள் ஒலியைக் காட்டும், சில முழுச் சொல்லைக் காட்டும், இன்னும் சில வாசிக்கப்படாமல் பொருளை மட்டும் தெளிவாக்கும். இந்தக் கடைசி வகை ஏன் தேவைப்பட்டது என்பது மத்ரஸாவில் ஓதிய எங்களுக்கு இலகுவில் புரியும். எகிப்தியர் உயிரொலிகளை எழுதுவதில்லை. ஹரகத் இல்லாத அரபைப் போல. க், த், ப் என்று மூன்று எழுத்துக்கள் இருந்தால் அது கதபவா, குதிபவா, குதுபா? எழுதினான், எழுதப்பட்டது, நூல்கள் என்று பொருள் மூன்றாகப் பிரியும். அப்படியான மயக்கத்தைத் தீர்க்கத்தான் அவர்கள் சொல்லின் முடிவில் ஒரு படம் வைத்தார்கள்.

1828இல் அவர் எகிப்துக்குப் போனார். தாடி வளர்த்து, உள்ளூர் உடை உடுத்து, அரபு பேசிக்கொண்டு நைல் நதி வழியே சென்றார். 1829 புதுவருட தினத்தன்று வாதி ஹல்பாவிலிருந்து எழுதிய கடிதத்தில், தன் பழைய கடிதத்தில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை என்று அறிவித்தார். அரசர்களின் பள்ளத்தாக்கில் நான்காம் ரம்சேஸின் கல்லறைக்குள்ளேயே குழுவினர் தங்கி வேலை செய்தார்கள். எனக்குப் பிடிக்காத ஒன்றும் அங்கேதான் நடந்தது. முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவரிலிருந்து ஒரு சிற்பப் பலகையை வெட்டியெடுத்துப் பரீசுக்கு அனுப்பினார்கள். அதே மனிதர்தான் நாடு திரும்புமுன், புராதனச் சின்னங்கள் அழிக்கப்படுவதைத் தடுக்கும்படி எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலி பாஷாவிடம் எழுத்தில் வேண்டினார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

1831இல் அவருக்கெனவே ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. ஆனால் உடல் தளர்ந்துவிட்டது. சில விரிவுரைகளே நடந்தன. 1832 மார்ச் 4ஆம் திகதி, நாற்பத்தொரு வயதில் காலமானார். எகிப்திய இலக்கணமும் அகராதியும் கையெழுத்துப் பிரதிகளாகக் கிடந்தன. அவற்றில் சில பகுதிகளை அவரது மாணவர் ஒருவரே திருடித் தன் ஆய்வாகக் காட்டினார். அண்ணன் ஜாக் ஜோசப் மீதியை ஒழுங்குபடுத்தி, திருட்டுப் போனதையும் பின்னர் தேடிப் பெற்று, 1836 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டார். தம்பியிலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டுவதற்காகத் தம் பெயருடன் பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து ஷாம்போலியன் ஃபிஜாக் என்று எழுதி வந்தவர் அவர். இலக்கண நூலின் முதற் பக்கத்தில் பெரிதாக இருந்தது தம்பியின் பெயர். அதை அச்சேற்றியபோது அண்ணனுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.