ஃப்ரிட்ஜில் வைத்தும் மல்லிகை பழுத்துப் போகுதா? நாம் செய்யும் தப்பு இதுதான்!

முகூர்த்த நாள் வந்தாலே மல்லிகை கிலோ ஆயிரங்களில் விற்கும். அதனால் முந்தின நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். மறுநாள் காலை டப்பாவைத் திறந்தால், வெள்ளைப் பூ பழுப்பாகி வாடை அடிக்கும். "ஃப்ரிட்ஜில்தானே வெச்சேன், எப்படி வீணாச்சு?" என்று குழம்பிப் போவார்கள்.

பறித்த பிறகும் பூவுக்கு உயிர் உண்டு

செடியை விட்டு வந்த பிறகும் பூ சுவாசிக்கிறது. உள்ளே இருக்கும் சர்க்கரையைச் செலவழிக்கிறது. இதழ் வழியாக ஈரத்தை இழக்கிறது. வெயிலும் சூடும் இந்த வேலையை வேகப்படுத்தும். குளிர்ச்சி அதை மெதுவாக்கும். ஃப்ரிட்ஜில் வைப்பது இதற்காகத்தான்.

மல்லிகைக்கு தண்ணீர் தெளிக்கலாமா?

தொடுத்த மல்லிகைக்குத் தண்ணீர் உறிஞ்ச நீளமான காம்பு இல்லை. மேலே தெளிக்கும் தண்ணீர் இதழ்களுக்கு இடையில் தங்கிவிடும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, பூ அழுகும். மல்லிகையில் இருக்கும் ஈரத்தைக் காப்பாற்றினாலே போதும், புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.

* விரிந்த பூவைவிட, இறுக்கமான மொட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். அதிகாலையில் பறிக்கும் மொட்டு அன்று மாலையே விரியத் தொடங்கிவிடும். எனவே வாங்கியதும் குளிர்ச்சியில் வைக்க வேண்டும்.
* பூ ஈரமாக இருந்தால் துணியில் பரப்பி, ஃபேன் இல்லாத நிழலில் சிறிது நேரம் உலர விடலாம்.
* வாழை இலையிலோ, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியிலோ சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைக்கலாம். அமுக்கி அடைக்கக் கூடாது.
* ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. இதழுக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் பூ துவண்டு கறுத்துவிடும்.

ரோஜாவுக்கு கதையே வேறு

பூச்சாடியில் வைக்கும் ரோஜா காம்பு வழியாகத் தண்ணீர் குடிக்கும். அந்த வழி அடைபட்டால், சாடி நிறைய தண்ணீர் இருந்தும் பூ தலை தொங்கிவிடும். வெட்டிய இடத்தில் காற்றுக் குமிழி புகுவதும், அழுக்குத் தண்ணீரில் பெருகும் பாக்டீரியாவும்தான் அடைப்புக்குக் காரணம்.

காம்பின் நுனியில் ஒரு அங்குலம், கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் வைக்க வேண்டும். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். தினமும் தண்ணீர் மாற்றி, சாடியையும் கழுவினால் நல்லது.

சிலர் தண்ணீரில் சர்க்கரை போடுவார்கள். அது பூவுக்குச் சத்துதான். ஆனால் சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்கும் விருந்து! கடைகளில் கிடைக்கும் பூ உணவுப் பொடியில் கிருமியைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். அது இல்லையென்றால் சுத்தமான தண்ணீரே போதும்.

பழத்தோடு வைக்காதீங்க!

வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பல பூக்களை இது சீக்கிரம் வாடவும் உதிரவும் வைக்கும். எனவே ஃப்ரிட்ஜிலும் சரி, மேஜையிலும் சரி, பூவும் பழமும் தள்ளியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: முழுதாக விரிந்து வாடத் தொடங்கிய பூவை எந்த ஃப்ரிட்ஜும் மீட்டுத் தராது. கொடுத்த காசு வீணாகாமல் இருக்க, வாங்கும்போதே மொட்டாகப் பார்த்து வாங்குவதுதான் முதல் வழி.