உஷார்! சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் டிக்கெட்டை உடனே எடுங்கள்

அந்தமானிலிருந்து மெயின்லேண்ட் போக டிக்கெட் எடுத்து, அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே எடுத்து, விமான எண்ணையும் நேரத்தையும் கம்பெனியின் வெப்சைட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள். தாளில் பத்து நாற்பது என்றிருப்பது அங்கே ஏழே கால் ஆகியிருக்கலாம். அந்த விமானமே காணாமல் போயிருக்கவும் கூடும்.

எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு இதுதான் நடந்தது. மகளின் கவுன்சலிங்குக்காக மூன்று மாதம் முன்பே எடுத்த டிக்கெட். நேரம் மாறிய மெசேஜ் ஏஜென்ட்டின் செல்லுக்குப் போனது. அவர் பார்க்கவே இல்லை. அக்கா லம்பாலைன் ஏர்போர்ட்டில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, அவர் ஏறவேண்டிய விமானம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

ஏன் இப்படி? நம் தீவுக்குப் பறந்த கம்பெனிகளை எண்ணிப் பாருங்கள். ஏர் டெக்கானைக் கிங்ஃபிஷர் வாங்கியது; 2012-ல் கிங்ஃபிஷரே படுத்துவிட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதியோடு நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். 2024 நவம்பர் 12-ம் தேதி விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள் கரைந்தது. முன்பே டிக்கெட் எடுத்தவர்களுக்கு விமான எண்கூட மாறிப்போனது. இன்று நாட்டில் உள்நாட்டு விமானம் ஏறும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் இண்டிகோ, ஏர் இந்தியா என்ற இரண்டே குழுமங்களின் கையில்.

இரண்டு கம்பெனி இருந்தபோது ஒன்பது மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று என்று போட்டி போட்டு ஓட்டுவார்கள். இரண்டும் ஒன்றானபின் எதற்கு இரண்டு? ஒன்றை எடுத்து, காசு அதிகம் கிடைக்கும் ரூட்டில் விடுவார்கள். அட்லாண்டிக் கடல் மேலேயும் இதே கதைதான். அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா மூன்றும் 2010 முதல் அமெரிக்க அரசின் அனுமதியோடு சேர்ந்தே அட்டவணை போட்டு, வருமானத்தையும் பங்கு பிரித்துக்கொள்கின்றன. ஆனால் லண்டன்காரருக்கு ஒரு விமானம் போனால் பக்கத்து ஏர்போர்ட்டில் இன்னொன்று. நமக்கு? ஹாடோ ஜெட்டியில் கப்பல், அதுவும் டிக்கெட் கிடைத்தால். சென்னைக்கு மூன்று நாள்.

“அந்தமானுக்கு ஓட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, 1994 முதல். பெருநகர ரூட்டுகளில் ஓட்டும் அளவில் குறைந்தது பத்து சதவீதத்தை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களுக்கு ஓட்டவேண்டும். ஆனால் எல்லாம் ஒரே கணக்கு! காஷ்மீருக்கும் வடகிழக்குக்கும் ஓட்டியே கோட்டாவை நிரப்பிவிடலாம். அந்த விதியை நம்பி கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

2025 டிசம்பர் மறந்திருக்காது. விமானிகளின் பணி நேர விதி மாறியதற்கு இண்டிகோ ஆள் தயார் செய்யவில்லை. ஒரே நாளில் ஆயிரம் விமானங்களுக்கு மேல் ரத்து. கட்டணம் ஏறிய வேகத்தில் அரசே உச்சவரம்பு போடவேண்டியதாயிற்று. அப்போது 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய். நம் சென்னை ரூட் அதற்குள்தான் வருகிறது. ஒரு கம்பெனி தடுக்கி விழுந்ததற்கு இந்தக் கூத்து.

இனி முக்கியமானது. டிக்கெட்டில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது? முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ விதிப்படி நஷ்டஈடு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. மழை, புயல் காரணமென்றால் கிடையாது. தொடர்பு விவரம் சரியாகத் தராதவருக்கும் கிடையாது! ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டிருந்தால் முதல் வேலையாக உங்கள் நம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள். நேரம் மாறிய மெசேஜில் “சம்மதம்” என்ற பட்டனையும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அழுத்தியபின் ரீஃபண்ட் கேட்டு அலைவது லேசில்லை.

லண்டன், டொரண்டோ என்று பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கிருந்து கடைசி ஊர் வரை ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில் எடுக்கப் பாருங்கள். இருநூறு, முந்நூறு மிச்சம் என்று சென்னை வரை ஒன்று, அங்கிருந்து வேறொன்று என வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது பறந்துவிட்டபின் அந்தக் கம்பெனி உங்களைத் திரும்பியும் பார்க்காது. வேறு வழியே இல்லையென்றால் சென்னையில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

கேம்பல் பே, கட்சால், கமோர்ட்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். இங்கு வரும் கப்பல் தினமும் கிடையாது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிப்போகிறவர்கள் கப்பல் வந்து சேரும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். கப்பல் ஏறுவதற்கு முன்பு, சிக்னல் இருக்கும்போதே, விமான நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடுக்கடலில் மெசேஜ் வராது.