கடல்மல்லையில் ஓர் ஆங்கிலத் திகில் கதை

திகில் கதை ஒன்றைப் படித்து முடித்த வாசகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடும்போது, அந்த வாதம் பயம் வந்ததா வரவில்லையா என்பதைப் பற்றி எழுவது அரிது. பயத்துக்குக் காரணம் சொல்லப்பட்டதா, சொன்ன காரணம் நம்பும்படி இருந்ததா, சொல்லாமலே விட்டிருக்கலாமா என்பவற்றைச் சுற்றியே அது பெரும்பாலும் நடக்கிறது. ஐரோப்பாவில் பாழடைந்த கோட்டை, நிலவறை, சாபம், ஆவி ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்ட கதைகளுக்குக் ‘காத்திக்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வகை செழித்தபோதே இந்தப் பிளவும் தோன்றிவிட்டது. ஆன் ராட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட ‘உடோல்ஃபோவின் மர்மங்கள்’ நாவலில் வாசகரை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுங்கவைத்துவிட்டு, கடைசியில் ஒவ்வொரு அமானுஷ்யத்துக்கும் இயல்பான காரணம் ஒன்றைக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து மாத்யூ லூயிஸ் எழுதிய ‘துறவி’ நாவலில் பேயும் சாத்தானும் எந்த விளக்கமும் இன்றி நேரடியாகவே வந்து நின்றன. முன்னவரின் வாசகர்கள் பின்னவரை முரடர் என்றார்கள். பின்னவரின் வாசகர்களுக்கு முன்னவர் ஏமாற்றுக்காரராகத் தெரிந்தார்.

தமிழில் இதே பிளவு வேறு பெயர்களோடு நிகழ்ந்திருக்கிறது. 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’, வேலைக்காரியாக வீட்டுக்குள் வரும் பெண் யார் என்பதைக் கடைசிவரை சொல்வதில்லை. பேய்களில் அவருக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டவர்களுக்குத் தொகுதியின் முன்னுரையிலேயே அவர் குறும்பாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குமுதம் இதழில் 1981இல் தொடராக வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ எதிர்த்திசையில் போகிறது. பேய் செய்ததாக நம்பப்படும் கொலைகளுக்கு வழக்கறிஞர் கணேஷ் ஹாலோகிராம் என்ற விடையைக் கண்டுபிடிக்கிறார். ஹாலோகிராம் என்பது லேசர் ஒளியின் துணையோடு ஒரு பொருளின் முப்பரிமாண உருவத்தைப் பதிவுசெய்து, அந்தப் பொருள் இல்லாத இடத்திலும் அதைத் தோன்றச் செய்யும் முறை. ஆயினும் ஐயத்தின் கதவை சுஜாதா முழுவதுமாகச் சாத்திவிடவில்லை. அன்றைய கருவிகளைக் கொண்டு அவ்வளவு பெரிய உருவத்தை வெட்டவெளியில் உலவவிட்டிருக்க முடியாது என்று குறை சொல்பவர்களும், அந்த அரைகுறைத் தீர்வில்தான் நாவலின் உயிர் இருக்கிறது என்பவர்களும் இன்றளவும் அதன் வாசகர்களிடையே உண்டு. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவலோ, அது ‘விடாது கருப்பு’ என்று சின்னத்திரைக்கு வந்தபோது, குற்றத்துக்கு உளவியல் காரணத்தையும் கருப்பசாமிக்கு உரிய மரியாதையையும் ஒரே நேரத்தில் கொடுத்து இரு தரப்பையும் தன் பக்கம் வைத்துக்கொண்டது. அது சாமர்த்தியம்தான், குறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் வெகு முன்னரே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையையும் களமாகக் கொண்ட ஒரு திகில் கதை ஆங்கில வாசகர்களைப் பிளந்துபோட்டது என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி. ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் 1810இல் வெளியிட்ட ‘கெஹாமாவின் சாபம்’ என்னும் நெடுங்கதைதான் அது. செய்யுளில் அமைந்திருந்தாலும் இன்று திகில் நாவல் செய்யும் வேலை முழுவதையும் அது செய்தது. அந்தக் காலத்தில் கதைக்காகவே படிக்கப்பட்ட செய்யுள் நூல்கள் பல இருந்தன. சதே பிற்காலத்தில் அரசவைக் கவிஞர் ஆனார். மூன்று கரடிகளின் கதையை முதன்முதலாக அச்சிட்டவரும் அவரே. இந்தியாவுக்கு அவர் ஒருபோதும் வந்ததில்லை.

கடல்மல்லை என்கிற மாமல்லபுரம் அவருக்குக் கிடைத்தது காகித வழியில்தான். 1772இலும் 1776இலும் அங்கே போய்ப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய விவரணை, கல்கத்தா ஆசியக் கழகத்தின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் 1788இல் அச்சானது. அவ்வூர் மக்கள், கடலுக்குள் வெகு தொலைவில் கோயில் சிகரங்கள் நின்றதையும், அவற்றின் மீது வேய்ந்திருந்த செம்புத் தகடு சூரிய உதயத்தில் மின்னியதையும் தங்களில் முதியவர்கள் கண்டதுண்டு என்றும், பின்னாளில் செம்பில் களிம்பேறிவிட்டதால் அந்த மினுக்கம் நின்றுபோனது என்றும் சொன்னதாக சேம்பர்ஸ் எழுதியிருக்கிறார். நகரின் அழகைக் கண்டு பொறாமை கொண்ட தேவர்கள் கடலை ஏவி அதை விழுங்கச் செய்தார்கள் என்ற தலபுராணச் சாயல் கொண்ட கதையும் அதே விவரணையில் வருகிறது. சிகரம் ஏன் மறைந்தது என்பதற்குக் கடல் அரிப்பைக் காரணம் காட்டாமல் களிம்பைக் காரணம் காட்டிய அந்த ஊராரின் நுட்பம் எந்தத் திகில் எழுத்தாளருக்கும் பாடம். கண்ணுக்குத் தெரியாததால் அது இல்லை என்றாகிவிடாது என்ற இடைவெளியை அந்த ஒரு விவரம் திறந்து வைத்துவிடுகிறது.

சதேயின் கதை ஒரு நள்ளிரவுச் சவ ஊர்வலத்தோடு தொடங்குகிறது. கடுந்தவத்தால் தேவர்களையே அஞ்சவைக்கும் அரசனான கெஹாமாவின் மகன் அர்வாலன், ஓர் ஏழைப் பெண்ணைப் பலவந்தப்படுத்த முயன்றபோது அவளுடைய தந்தையின் அடியில் மாண்டவன். பல்லக்கில் நிமிர்த்தி உட்காரவைக்கப்பட்ட பிணத்தின் தலை, சுமப்பவர்களின் நடைக்கு ஏற்ப அசைய, கூட்டத்தை நோக்கி அவன் தலையாட்டுவதுபோல் ஒரு கணம் தோன்றுகிறது. பந்த வெளிச்சத்தில் மேற்கட்டியின் செந்நிறம் முகத்தில் படிந்து உயிர்க்களையும் காட்டுகிறது. ஆவி எதுவும் அங்கே இன்னும் வரவில்லை, பிணத்தின் எடையும் நடையின் தாளமும் மட்டுமே இருக்கின்றன. அந்த நூலில் மிகவும் அச்சுறுத்துவது அநேகமாக இந்தக் காட்சிதான்.

மகனைக் கொன்ற லதுர்லாதுக்குக் கெஹாமா மரண தண்டனை விதிப்பதில்லை. ஆயுதமும் நெருப்பும் நோயும் மூப்பும் அவனைத் தீண்டா. நீர் அவனைக் கண்டு விலகும், காற்று அவன் மேல் படாது, மண்ணின் விளைச்சல் அவனுக்குக் கிட்டாது, உறக்கம் வராது, சாவும் வராது என்று சபிக்கிறான். லதுர்லாதின் மகள் கைலியலோ மாரியாத்தாளின் மரச்சிலையைக் கட்டிக்கொண்டு ஆற்றில் விழுந்து, அந்தச் சிலையே தெப்பமாக மிதந்ததால் பிழைக்கிறாள். புதுச்சேரிப் பக்கம் சுற்றித் திரிந்த சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணியின் நூலைச் சதே ஊன்றிப் படித்திருந்ததால்தான், வடநாட்டுத் தேவர்களின் நெரிசலுக்கு நடுவே நம் ஊர் எல்லைத் தெய்வமும் ஆங்கிலச் செய்யுளுக்குள் நுழைந்தது. பின்னர் அர்வாலனின் ஆவி, கைலியலுக்குத் துணைநின்ற கந்தர்வன் எரீனியாவைச் சிறைப்பிடித்து, கடலடியில் கிடக்கும் பலி மன்னனின் நகரமான மாமல்லபுரத்துக் கல்லறைகளில் கட்டிப்போடுகிறது. அங்கே இறங்கி அவனை மீட்கக்கூடியவன் உலகில் ஒருவனே. நீர் விலகிப்போகும் என்ற சாபமே லதுர்லாதுக்குக் கடலுக்குள் வழிவிடுகிறது. அவன் மூழ்காமல் கடற்படுகையில் நடந்து, கோபுரங்களும் தோட்டங்களுமாக அப்படியே நிற்கும் மாமல்லபுரத்துக்குள் போய்ச் சேருகிறான்.

இந்தப் பகுதியைப் பாராட்டாதவர்கள் குறைவு. முழு நூலைப் பற்றிய அபிப்பிராயங்களோ ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணாக இருந்தன. வால்டர் ஸ்காட் 1811 பிப்ரவரியில் ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழில் அதை ஆதரித்து எழுதினார். ஆனால் அழகான பகுதிகளுக்கு அழுத்தம் கொடுத்து அபத்தங்களைக் கண்டும் காணாமல் கடந்துவிட்டதாக நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மதிப்புரை எழுதும் கலையில் இது நமக்கும் பழக்கமான முறைதான். பாப்டிஸ்ட் சமயத்தவரான ஜான் ஃபாஸ்டர் ‘எக்லெக்டிக் ரெவ்யூ’ இதழில் கதையின் சுவையைவிட அதன் சமயத்தை எடைபோட்டு, பொய்ச் சமயம் ஒன்றைக் கவர்ச்சியாகக் காட்டியது குற்றம் என்று சாடினார். இதற்கு நேர்மாறாக, அப்போது இருபது வயதுகூட நிரம்பாத கவிஞர் ஷெல்லி தமக்கு மிகவும் பிடித்த கவிதை இதுவே என்று கடிதங்களில் எழுதிக் கொண்டாடினார்.

இந்தக் கருத்து வேற்றுமையின் வேர் எங்கே இருக்கிறது என்பதைச் சதேயின் குறிப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. இந்து சமயத்தை முன்னுரையிலேயே அருவருப்போடு பழித்துவிட்டு, அதன் புராணங்களை வைத்தே 24 பகுதிகள் எழுதியவர், வாசகர் எதையும் நம்பிவிடக் கூடாதே என்ற கவலையோடு ஒவ்வொன்றுக்கும் நீண்ட ஆதாரக் குறிப்புகளைச் சேர்த்தார். பயம் செய்யுளிலும் விளக்கம் தனியே உரைநடையிலும் நிற்க, இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டன. ராட்கிளிஃபைப் போல விளக்கத்தைக் கதைக்குள் கொண்டுவரவும் அவர் விரும்பவில்லை, லூயிஸைப் போல விளக்கமே வேண்டாம் என்று விடும் துணிவும் அவருக்கு இல்லை. ஃபாஸ்டருக்கு அந்தக் குறிப்புகள் போதவில்லை; ஷெல்லியைப் போன்றவர்களுக்கு அவை ஒரு பொருட்டாகவே படவில்லை.

தமிழ் வாசகர் இதை அணுகினால் மூன்றாவது ஒரு நிலை கிடைக்கும். இரணியன் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு வரமும் சாபமும் விளக்கம் வேண்டுகிற அமானுஷ்யங்கள் அல்ல. விதிமுறை உள்ள ஆட்டம். பகலிலும் இல்லை இரவிலும் இல்லை என்று வாங்கிய வரத்தில் அந்தி நேரம் ஓட்டையாக இருப்பதைப் போல, நீர் அண்டாது என்ற சாபத்தில் கடலடிப் பாதை ஓட்டையாக இருக்கிறது, அதைக் கதாபாத்திரம் எப்போது கண்டுகொள்ளும் என்று காத்திருப்பதே சஸ்பென்ஸ். சதே இந்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்ட இடங்களில் கதை விறுவிறுக்கிறது. தேவர்கள் நினைத்தபோதெல்லாம் வந்து காப்பாற்றும் இடங்களில் விதியும் இல்லை, பயமும் இல்லை. ஸ்காட் அபத்தம் என்று எண்ணியவற்றில் பாதி நமக்கு இயல்பாகவே தோன்றும். அவர் அழகு என்று சொன்ன வர்ணனைகள் பல நமக்கு அலுப்பூட்டவும் கூடும்.

கடலுக்குள் போன நகரத்துக்கு விளக்கம் தேடும் வேலையும் மாமல்லபுரத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 2002இல் பிரிட்டிஷ் முக்குளிப்போர் குழுவோடு சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் மூழ்கி ஆராய்ந்தபோது, சுமார் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்ப் பகுதிகளையும் செதுக்கப்பட்ட கற்களையும் கண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர மணலை வாரிச் சென்றதில் புதைந்திருந்த சிற்பங்கள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு சாளுவன்குப்பத்தில், பல்லவர் காலக் கோயிலுக்கு அடியில், சங்க காலத்தின் இறுதியைச் சேர்ந்ததாகத் தொல்லியலாளர் கருதும் செங்கல் முருகன் கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. செம்புச் சிகரம் எதுவும் இதுவரை அகப்படவில்லை.

கெஹாமாவின் கதையைச் சுவைக்காகப் படிப்பவர்கள் இன்று அரிதாகிவிட்டார்கள். பைரனின் செய்யுள் கதைகளும் ஸ்காட்டின் நாவல்களும் சந்தையைப் பிடித்துக்கொண்ட பிறகு, அந்த நூல் மெல்ல மெல்லப் பல்கலைக்கழகங்களுக்குள் ஒதுங்கியது. அங்கே ஐரோப்பியர் கீழை நாடுகளை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதை ஆராய்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள், அவர்களில் பலருக்கு வேண்டியிருப்பது செய்யுளைவிட அந்தக் குறிப்புகளே.