கொழுந்தின் மேல் வெள்ளை ரோமம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றாலும் ராஜபாளையத்தில் நின்றாலும் மேற்கே மலைதான். அதைத் தாண்டினால் வருசநாட்டுப் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் மேகமலை. அங்கே தேயிலை விளைகிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம் இரு பக்கத்தையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் டீ என்றால் பால் தூக்கலாக இருக்க வேண்டும். பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் வேறு எப்படிக் குடிக்கும்?

பால் விடாமல் குடிக்க வேண்டிய டீயும் ஒன்று உண்டு: வெள்ளைத் தேநீர். அதற்கென்று தனிச் செடி கிடையாது. அதே தேயிலைச் செடியில், இன்னும் விரியாத நுனி மொட்டைக் கிள்ளுகிறார்கள். அதன் மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். கடை டீத்தூளுக்கு இலையை வாட்டி, பல் வைத்த உருளைகளில் கொடுத்து நசுக்கிக் கிழிப்பார்கள். செல்கள் உடைந்ததும் உள்ளிருக்கும் நொதியும் காற்றும் காட்டெச்சின் என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வேலைதான். டீக்குச் செம்மை வருவது இப்படித்தான். வெள்ளைத் தேநீரில் நசுக்கலே இல்லை. வாட்டிக் காயவைப்பதோடு சரி. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துப் பக்குவம் இது. இன்று நீலகிரியிலும் இலங்கையிலும் செய்கிறார்கள்.

இதில் காட்டெச்சின் பெருமளவு தப்பிப்பதால்தான் உடம்புக்கு நல்லது என்று இத்தனை விளம்பரம். சோதனைக் குழாயில் அது நன்றாகவே வேலை செய்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. எடை குறையும், புற்றுநோய் அண்டாது என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. காஃபீன் குறைவு என்பதையும் நம்ப வேண்டாம். பூச்சிக்கு எதிராகச் செடி இளங்கொழுந்தில்தான் அதை அதிகம் சேர்த்து வைக்கிறது.

பால் விஷயம் சுவாரஸ்யமானது. 2007-ல் பெர்லினில் 16 பெண்களிடம் சோதித்தார்கள். வெறும் கறுப்புத் தேநீர் ரத்தக் குழாயைத் தளர்த்தியது. பால் சேர்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. பாலின் கேசீன் புரதம் காட்டெச்சினைக் கட்டிப்போடுவதே காரணம் என்றார்கள். சின்ன ஆய்வுதான், எல்லா ஆய்வும் இதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் விலை கொடுத்து வாங்கிய மொட்டில் பால் ஊற்றுவது வீண். கொதிநீரும் வேண்டாம், 80 டிகிரி போதும்.

என்னைக் கேட்டால், வெள்ளைத் தேநீரை ருசிக்காக வாங்கலாம். உடம்புக்காக என்றால் பால் விடாத சாதா டீயே போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சைவ உணவின் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் எந்தத் தேநீரும் தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.