ஸுஹ்ரா செகல்: கதாநாயகியாகாத ஒரு நடிகையின் எழுபது ஆண்டுகள்

மணிரத்னத்தின் ‘தில் சே’ 1998இல் ‘உயிரே’ என்று தமிழ் பேசி வந்தபோது நம் நாட்டிலும் பலர் அதைப் பார்த்தார்கள். ரயில் கூரையில் ஆடியவர்கள் இன்றும் ஞாபகத்தில் நிற்கிறார்கள். அந்தப் படத்தில் வந்த பாட்டியை மட்டும் யாரும் விசாரித்ததில்லை. அவருக்கு அப்போது வயது 86. அதற்கு 63 ஆண்டுகள் முன்பே மேடையேறிவிட்டவர். பெயர் ஸுஹ்ரா செகல். நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிற அதே ஸுஹ்ராதான்.

முழுப் பெயர் சாஹிப்ஸாதி ஸுஹ்ரா மும்தாஸுல்லாஹ் கான் பேகம். 1912 ஏப்ரல் 27இல் சஹரன்பூரில், ராம்பூர் நவாப் பரம்பரையோடு தொடர்புடைய ரோஹில்லா பட்டாணியர் குடும்பத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். உம்மா சிறு வயதிலேயே மௌத்தாகிவிட்டார். படிப்பு லாகூர் குயின் மேரி கல்லூரியில். அங்கே பர்தா எவ்வளவு கண்டிப்பாக இருந்ததென்றால், ஆண் பேச்சாளர் யாராவது வந்தால் திரைக்குப் பின்னால் நின்றுதான் பேச வேண்டும். பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்பதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். இங்கே திரைக்குப் பின்னால் போனவர் பேச வந்த மனிதர்!

அந்தக் கல்லூரியை விட்டு வந்த பிள்ளை 1930இல் மாமாவுடன் காரில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். ஈரான், டமஸ்கஸ், பலஸ்தீன் என்று தரை வழியாக எகிப்து வரை போய், அங்கிருந்து கப்பல். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் மேரி விக்மன் நடத்திய நவீன நடனப் பள்ளியில் மூன்று வருடம் பயின்றார். அங்கே சேர்ந்த முதல் இந்தியப் பெண் அவர் என்பார்கள். ஐரோப்பாவில்தான் உதய் சங்கரின் நடனத்தைப் பார்த்தார். 1935இல் அவருடைய குழுவில் சேர்ந்து ஜப்பான், எகிப்து, அமெரிக்கா என்று சுற்றினார். பிறகு அல்மோராவில் உதய் சங்கர் தொடங்கிய கலை நிலையத்தில் ஆசிரியை. அங்கே பழகிய காமேஷ்வர் செகல் என்ற இளைஞரை 1942 ஆகஸ்ட் 14இல் மணந்தார். மாப்பிள்ளை இந்து, எட்டு வயது இளையவர். கல்யாணத்துக்கு வருவதாக இருந்த நேரு, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சில நாட்களுக்கு முன்னர்தான் கைதாகியிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸுஹ்ராவை நான் முன்மாதிரி முஸ்லிம் பெண்ணாக இங்கே நிறுத்தவில்லை. தான் மார்க்க ஈடுபாடு உள்ளவர் அல்ல என்று அவரே வெளிப்படையாகச் சொன்னவர். என் அக்கறை அவர் செய்த தொழிலைப் பற்றியது. நம் இதழ்களில் முஸ்லிம் பெண் எழுத்தாளர்களைப் பற்றி எவ்வளவோ வந்துவிட்டது. மேடையில் உழைத்த பெண்கள் என்று வந்தால் ஒன்றில் மௌனம், அல்லது ஏச்சு. எப்படிப் பழகினார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று எழுத ஆளில்லை.

அவர் தொழிலின் நடுத்தூண் பிருத்வி தியேட்டர். பிருத்விராஜ் கபூர் 1944இல் பம்பாயில் தொடங்கிய நாடகக் குழு அது. 1945இல் மாதம் 400 ரூபா சம்பளத்துக்கு ஸுஹ்ரா சேர்ந்தார், 14 வருடம் இருந்தார். தங்கை உஸ்ராவும் அங்கேதான். முன்னணி நாயகி உஸ்ரா. ஸுஹ்ராவுக்குக் கிடைத்தவை பக்கத்து வேடங்கள். தங்கைக்கு இருந்த முகவெட்டு தனக்கு இல்லை என்பதை அவர் ஒளித்ததில்லை, பிற்காலத்தில் பகிடியாகவே பேசுவார். நகரம் நகரமாகப் போய் நாடகம் போடுவார்கள். முடிந்ததும் பிருத்விராஜ் வாசலில் துணியை ஏந்தி நிற்பார், நற்காரியங்களுக்குச் சேர்க்க. ஒரே வீட்டுக்குள் சுவர் எழும்பும் கதையான ‘தீவார்’ மேடையேறியது 1945இல். இரண்டு வருடத்தில் அந்தச் சுவர் நாட்டுக்கே வந்துவிட்டது. ஸுஹ்ராவும் கணவரும் லாகூரில் நடத்தி வந்த நடனப் பள்ளியை மூடிவிட்டு அதற்கு முன்பே பம்பாய்க்கு வந்திருந்தார்கள்.

சினிமா அவருக்கு இரண்டாம் பட்சம். 1943 வங்காளப் பஞ்சத்தை வைத்து குவாஜா அஹ்மத் அப்பாஸ் எடுத்த ‘தர்த்தி கே லால்’, கான் விழாவில் உயர் பரிசு பெற்ற ‘நீச்சா நகர்’ (இரண்டும் 1946) ஆகியவற்றில் நடித்தார். குருதத்தின் ‘பாஸி’க்கு (1951) நடனம் அமைத்தார்.

தமிழ்த் தினப் போட்டிக்காக நாடகம் பழக்குபவள் என்பதால் இந்தப் பக்கத்து வேட விசயம் என்னை விடுவதாயில்லை. நான் கண்ட ஒரு பாடசாலையில், கடைசி வாங்கு வரை கேட்கிற குரலுள்ள பிள்ளைக்கு “நீ கிழவி வேசத்துக்குச் சரி” என்றார்கள். சொன்னவர்களுக்கு அது இரண்டாந்தர இடம். நிறமுள்ள பிள்ளைக்கு ராணி வேடம். முதல் காட்சியிலேயே ராணியின் குரல் மூன்றாம் வரிசையோடு நின்றுபோனது. கிழவியாக நடிப்பதற்கு மூச்சை அளந்து விட வேண்டும், முதுகு வளைந்திருக்கும்போதே குரல் நிமிர்ந்து வர வேண்டும். ஸுஹ்ராவின் உடம்பு நடனத்தில் பழகியது, குரல் பிருத்வியில் பழகியது. தொண்ணூறு தாண்டியும் உடற்பயிற்சியை விடவில்லை, மனப்பாடக் கவிதைகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதையும் விடவில்லை. நாயகிகள் வீட்டோடு இருந்துவிடும் வயதில் இவருக்கு வேலை கூடியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

1959இல் கணவர் காலமானார். 1962இல், ஐம்பது வயதில், புலமைப்பரிசில் ஒன்றோடு லண்டன் போனார். தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேடங்கள். பிபிசியின் ‘படோசி’ நிகழ்ச்சியின் 26 பாகங்களில் தோன்றினார். பெயர் வாங்கித் தந்தது 1984இல் வந்த ‘த ஜுவல் இன் த கிரவுன்’ தொடர். அதில் லேடி சாட்டர்ஜி. அப்போது வயது 72! பிறகு இந்தியா திரும்பினார். ‘பென்ட் இட் லைக் பெக்கம்’, அமிதாப் பச்சனின் தாயாக வந்த ‘சீனி கம்’ என்று போய், 2007இல் ‘சாவரியா’வோடு திரைவாழ்வு முடிந்தது. 2010இல் பத்ம விபூஷண் கிடைத்தது.

உஸ்ராவின் கதை வேறு. 1964இல் பாகிஸ்தானுக்குப் போனார். பிருத்வியின் நாயகி நீண்ட காலம் மேடையில்லாமல் இருந்தார். 1980களில் லாகூரின் அஜோகா தியேட்டர்தான் அவரைத் திரும்பக் கூட்டி வந்தது. சகோதரிகள் இருவரின் வாழ்க்கையையும் வைத்து ஷாஹித் நதீம் ‘ஏக் தீ நானி’ என்ற நாடகத்தை எழுதினார். ஒரு காலத்தில் ஒரு பாட்டி இருந்தாள் என்று பொருள். மதீஹா கவ்ஹர் நெறிப்படுத்த, 1993இல் ஸுஹ்ரா எல்லை தாண்டி வந்து லாகூரில் தங்கையோடு நடித்தார். அக்காவுக்கு வயது 81, தங்கைக்கு 76. அந்த மேடையில் இருவருமே கிழவிகள்.

உஸ்ரா 2010இல் லாகூரிலும், ஸுஹ்ரா 2014 ஜூலை 10இல் டெல்லியிலும் காலமானார்கள்.