பில் போடும் கம்ப்யூட்டரில் 'கிளாஸ்', 'ஆப்ஜெக்ட்' என்றால் என்ன?

நமது கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருபவர்கள், 'இது ஆப்ஜெக்ட் முறையில் எழுதியது' என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுத்து விடுகிறோம். ஆனால் இந்த விஷயம் நமது தொழிலுக்குப் புதிதல்ல.

அச்சகத்தில் பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கிறோம். தேதி, பெயர், சரக்கு, அளவு, விலை என்று கட்டம் போட்ட ஒரு மாதிரி தயாராகிறது. அந்த மாதிரிதான் கிளாஸ். அதை வைத்து யாரிடமும் பணம் வசூலிக்க முடியாது. அந்த மாதிரிப்படி நாம் எழுதிக் கிழித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பில்லும் ஓர் ஆப்ஜெக்ட். கட்டங்கள் ஒன்றே, உள்ளே உள்ள விவரம் வேறு வேறு.

ஆப்ஜெக்ட் விவரத்தை வைத்திருப்பதோடு வேலையும் செய்யும். ஒரு கிலோ துவரம் பருப்பு கேட்பவர் சாக்கில் கைவிட்டு அள்ளுவதில்லை. எடை போடுபவர்தான் நிறுத்துக் கொடுக்கிறார். அதுபோல, புரோகிராமின் மற்றப் பகுதிகள் இருப்பு எண்ணைத் தாமே திருத்தக் கூடாது. 'ஒரு கிலோ குறை' என்று சரக்கு ஆப்ஜெக்ட்டிடம் சொல்ல வேண்டும். இருப்பு போதவில்லை என்றால் அது மறுத்துவிடும்.

இம்முறை நார்வே நாட்டில் தோன்றியது. ஆஸ்லோவில் டால், நைகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற கணிப்பொறி மொழியில் கிளாஸ் முதலில் வந்தது. பின்னர் சி பிளஸ் பிளஸ், 1995இல் வெளிவந்த ஜாவா ஆகியவை இதைப் பரப்பின.

இனி நமது பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். ஒரு பற்பசையில் பழைய பெட்டி எம்.ஆர்.பி. 90 ரூபாய், புதிய லோடு 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலையைச் சரக்கின் பெயரோடு பொதுவாகக் கட்டிவிட்ட புரோகிராம், 95 என்று மாற்றியதும் பழைய டியூபுக்கும் 95 பில் போடும். டியூபில் அச்சிட்டிருப்பதோ 90. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி குற்றம். அபராதம் கட்டுவது நாம்தான், சாஃப்ட்வேர்காரர் அல்ல. எனவே எம்.ஆர்.பி., காலாவதித் தேதி இரண்டும் ஒவ்வொரு பேட்ச் ஆப்ஜெக்ட்டிலும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

வரி விகிதம் இதற்கு நேர்மாறு. 22-9-2025 முதல் பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. விகிதம் பொதுவான ஓரிடத்தில் இருந்தால் ஒரு முறை திருத்தினால் போதும். பேட்ச் பேட்சாகத் தேட வேண்டியதில்லை. ஆனால் போட்டு முடித்த பில்லில் அன்றைய விகிதம் அப்படியே நிற்க வேண்டும். 21ஆம் தேதி பில்லை மறுபடி அச்சிட்டால் 18 என்றே வர வேண்டும்.

ஆகவே பணம் கொடுக்கும் முன், விற்க வந்தவர் எதிரிலேயே ஒரே சரக்கை இரண்டு எம்.ஆர்.பி.யில் ஏற்றி, இரண்டையும் பில் போட்டுப் பாருங்கள். பிறகு வரியை மாற்றி, முதல் பில்லை மறுபடி அச்சிடச் சொல்லுங்கள்.